வடாம் காய்ந்த ஞாயிற்றுக்கிழமை

செம்பூரில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. நேர் கீழே இரண்டாவது மாடியில் மாமி இருந்தாள். இருந்தாள் என்று எழுதியதும் பதறாதீர்கள், நல்லபடியாகத்தான் இருக்கிறாள், புனேயில், மகள் வீட்டில். இங்கே இல்லை, அவ்வளவுதான். அந்த வீட்டில் இப்போது யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள். எந்நேரமும் ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள். அது தெரிந்தும், தினம் காலையில் எழுந்ததும் நான் கம்பிக்கு வெளியே தலையை நீட்டிக் கீழே எட்டிப் பார்க்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில் இது என்ன கிறுக்கு என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். கிறுக்குத்தான். அந்த ஜன்னல் திறந்து, "எழுந்தாச்சா?" என்று ஒரு குரல் வந்தால் போதும், வேறு எதுவும் எனக்கு வேண்டாம் என்று தோன்றுகிற நாட்கள் இருக்கின்றன.

பம்பாயில் ஜன்னலுக்கு வெளியே இரும்புக் கம்பியால் பெட்டி மாதிரி ஒன்று அடித்திருப்போம். பாக்ஸ் கிரில் என்று பெயர். அதுதான் எங்களுக்குத் தோட்டம், அதுதான் கொல்லை, அதுதான் துணி காயப்போடுகிற இடம். என் கிரில்லில் ஒரு செம்பருத்தி, இரண்டு ரோஜா, ஒரு கறிவேப்பிலை. மாமியின் கிரில்லில் துளசி மட்டும். மிச்ச இடத்தை வருஷம் முழுக்க எதையாவது காயவைப்பதற்கென்றே காலியாக வைத்திருப்பாள். மொட்டைமாடிக்கு சொசைட்டிக்காரர்கள், அதாவது குடியிருப்போர் சங்கத்தார், பூட்டுப் போட்டுவிட்டதால் வேறு வழியும் கிடையாது.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கூடை இருந்தது. பிளாஸ்டிக் கூடை, நைலான் கயிறு. காய்கறி வண்டிக்காரனிடம் மாடியிலிருந்தே வாங்குவதற்காக இந்த ஊரில் நிறையப் பேர் வைத்திருப்பதுதான். எங்களுடையது தெரு வரை போனதே இல்லை, ஒரு மாடியோடு நின்றுவிடும். காலையில் நான் ஐந்து செம்பருத்திப் பூ பறித்துக் கூடையில் இறக்குவேன், மாமியின் பூஜைக்கு. அதே கூடையில் ஒரு சின்ன டம்ளரில் டிகாக்‌ஷன் மேலே ஏறி வரும். கீழேயிருந்து கயிற்றை இழுத்தால் என் கிரில்லில் கட்டியிருக்கும் பழைய கரண்டி கம்பியில் தட்டும். அதுதான் எங்கள் காலிங் பெல். பத்து வருஷம் இப்படி ஓடியது.

நான் தாராவியில் பிறந்தவள். அப்பா அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். மாமி மாட்டுங்காவில் பிறந்தவள். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவள், கணவர் போய் ரொம்ப நாளாயிற்று. எங்கள் இரண்டு பேர் பேச்சையும் சேர்த்துக் கேட்டால் ஒரே பாஷை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"என்ன மாமி, இன்னைக்கு டிகாக்‌ஷன் வெறும் வெந்நீரால்லா இருக்கு?" என்று மேலிருந்து நான் கத்துவேன்.

"நோக்கு நாக்கு செத்துப் போச்சுடி. ஆபீஸ்ல அந்தக் கண்றாவி மருந்தை மோந்து மோந்து மூக்கும் போயாச்சு" என்று கீழிருந்து பதில் வரும்.

அந்தக் கண்றாவி மருந்துதான் எனக்குச் சோறு போட்டது. சயான் கல்லூரியில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, பூச்சிமருந்து விற்பனையைக் கண்காணிக்கிற அரசு அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். பம்பாயில் ஏது வயல், பூச்சிமருந்துக்கு இங்கே என்ன கண்காணிப்பு என்று எல்லாரும் கேட்பார்கள். வயல் இல்லை, சரி. ஜன்னல் இருக்கிறதே! ஒவ்வொரு ஜன்னலிலும் நாலு தொட்டி. அந்தத் தொட்டிக்கு அடிக்க, செடி விற்கிற நர்சரியில், ஹார்டுவேர் கடையில், சில இடங்களில் மளிகைக் கடையில்கூட மருந்து கிடைக்கும். ஆய்வாளர் போவார், கூட நான் போவேன். கடையிலிருந்து மாதிரி எடுத்து மூன்று பங்காகப் பிரிப்போம். ஒன்று கடைக்காரனுக்கு, ஒன்று லேபுக்கு, ஒன்று அலுவலகத்துக்கு. மூன்றையும் துணியில் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி, சீல் வைப்பது என் வேலை. சுட்ட அரக்கின் வாசனை என் புடவை முந்தானையில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறது.

மருந்து டப்பாவைப் பார்த்திருப்பீர்கள். லேபிளில் ஒரு சாய்சதுரம் இருக்கும், அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம். சிவப்பென்றால் கொடிய விஷம். மஞ்சள், நீலம், பச்சை என்று போகப் போக வேகம் குறையும். உள்ளே என்ன இருக்கிறது, வாயில் போய்விட்டால் என்ன செய்ய வேண்டும், மாற்று மருந்து எது என்று அதில் அச்சடித்திருக்க வேண்டும், சட்டம் அது. நர்சரிக்காரர்கள் என்ன செய்வார்கள் என்றால், பெரிய கேனில் வாங்கி, பழைய இருமல் மருந்து பாட்டிலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி விற்பார்கள். நாலு தொட்டிக்காரிக்கு எதற்கு ஒரு லிட்டர்? என்ன மருந்து என்று கேட்டால், "கீடே கா தவா" என்பான். பூச்சிக்கு மருந்தாம். அது எங்களுக்குத் தெரியாதா!

அந்த மாதிரி லேபிள் இல்லாத பாட்டிலைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஆய்வாளர்கூட மரியாதையாகத்தான் பேசுவார். நான்தான் கடைக்காரனைப் பிடித்து உலுக்குவேன். "இதை ஒரு குழந்தை குடிச்சிட்டா டாக்டர் கேப்பார்ல, என்ன மருந்துன்னு? அப்ப என்ன சொல்லுவே நீ?" என்று இந்தியில் கேட்பேன். அவன் கைகட்டி நிற்பான். நான் வெற்றியோடு திரும்பி வந்து, சாயந்திரம் கிரில் வழியாக மாமிக்கு முழுக்கதையும் சொல்வேன். "நன்னாக் கேட்டே போ" என்பாள் மாமி. அந்த ஒரு சொல்லுக்காகவே நாலு கடையில் கூடுதலாகக் கத்தியிருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏப்ரல் கடைசியில், என் செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தது. வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினாற்போல மொட்டுக்குக் கீழே, இலைக்கு அடியில், கணுவுக்குக் கணு. வேப்பெண்ணெய் அடித்தேன். சோப்புத் தண்ணீர் அடித்தேன். பழைய டூத்பிரஷ்ஷால் ஒவ்வொரு கிளையாகத் தேய்த்தேன். இரண்டு நாள் போனால் மறுபடி வெள்ளை. மொட்டெல்லாம் கருகி உதிர்ந்தது. ஒரு நாள் இரண்டு பூ இறக்கினேன், மறுநாள் ஒன்று, அதற்கப்புறம் கூடை காலியாகவே போனது. காலிக் கூடையிலும் டிகாக்‌ஷன் வருவது மட்டும் நிற்கவில்லை.

"பரவால்லடி, பூ இல்லேன்னா ஸ்வாமி என்ன கோச்சுக்கவா போறார்?" என்றாள் மாமி. ஆனால் வெள்ளிக்கிழமை மாட்டுங்கா வரை போய்ப் பூ வாங்கிக்கொண்டு மாடியேறி வந்ததைப் பார்த்தேன். முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக வந்தாள். எனக்கு மனசே ஆறவில்லை.

அந்தச் சமயத்தில் மாமியின் மகளுக்கு நாலாவது மாசம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து உண்டானது. புனேயில் இருந்தாள். எதைத் தின்றாலும் வாந்தி, மோர்சாதமும் வடாமும் மட்டும்தான் இறங்குகிறதாம். "இந்த ஞாயித்துக்கிழமை கூழ் கிளறிப் போட்டுடறேன். சாயங்காலம் மாப்பிள்ளை ஏதோ வேலையா இங்க வரார், குடுத்து அனுப்பணும்" என்று சனிக்கிழமை மாமி கீழேயிருந்து சொன்னாள். நான் மேலே ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "சரி மாமி" என்றேன். இந்தக் காதால் கேட்டு, இந்த வாயால் சரி என்றேன். அதற்கு முந்தைய நாளே என் கைப்பையில் அந்த பாட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஒரு நர்சரியில் சோதனைக்குப் போயிருந்தோம். வழக்கம்போல இருமல் மருந்து பாட்டில்கள். மாதிரி எடுத்து, மூன்று பங்கு பிரித்து, சீல் வைத்தாயிற்று. ஒரு பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆய்வாளர் அதை முறைப்படி அழிக்கச் சொன்னார். கடைக்காரனிடம் நான் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன், செம்பருத்தியில் வருகிற வெள்ளைப் பூச்சிக்கு இது கேட்குமா என்று. "ஒரே அடி மேடம், திரும்ப வரவே வராது" என்றான். அழிக்க வேண்டியதை நான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது. ஊரையெல்லாம் கேள்வி கேட்ட மகராசி, லேபிள் இல்லாத பாட்டிலைத் திருட்டுத்தனமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரருக்கு அணுசக்தி நகரில் ஷிப்ட், விடியற்காலையிலேயே பஸ் பிடித்துப் போய்விட்டார். ஏழரை மணி இருக்கும். கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே பாட்டிலைக் காலி செய்து, அதில் மருந்தைத் தண்ணீரோடு கலந்தேன். எவ்வளவுக்கு எவ்வளவு? குத்துமதிப்புத்தான், சொல்ல லேபிள் ஏது? கடைக்காரர்களிடம் கையுறை, முகமூடி என்று பாடம் எடுப்பவள், துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டேன். பூச்சி இலைக்கு அடியில்தானே இருக்கும், அதனால் ஸ்ப்ரே பாட்டிலின் மூக்கை மேலே தூக்கிப் பிடித்து, சொட்டச் சொட்ட அடித்தேன். எத்தனை நாள் கோபம்! சாவு, சாவு என்று சொல்லிக்கொண்டே அடித்தேன். இன்னும் பத்து நாளில் மாமிக்குக் கூடை நிறையப் பூ இறக்கலாம் என்று உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை குனிந்து கீழே பார்த்திருக்கலாம்.

கீழே மாமி ஆறு மணிக்கே வேஷ்டியை விரித்து வடாம் பிழிந்துவிட்டு, காக்காய்க்குப் பயம்காட்ட ஒரு கறுப்புத் துணியைக் கட்டிவிட்டு, மாட்டுங்கா கோவிலுக்குப் போயிருந்தாள்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்டி தட்டியது. கூடையை இழுத்தேன். ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில் ஏழெட்டு வடாம். மேலே காய்ந்து உள்ளே இன்னும் ஈரமாக, பொரிக்காமல் அப்படியே தின்கிற பதத்தில் இருந்தன. கீழேயிருந்து குரல் வந்தது.

"அரைக் காய்ச்சலா இருக்குடி. நோக்குன்னா உசுராச்சே! உப்பு சரியா இருக்கான்னு சொல்லு. நான் ரெண்டு வாயில போட்டுண்டுட்டேன், நேக்கு ஒண்ணும் புரியல."

ஒன்றை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போய்விட்டேன். அப்போதுதான் என் கிரில்லின் அடித்தகட்டில் காய்ந்து போன வெள்ளைத் தாரைகள் கண்ணில் பட்டன. தொட்டியிலிருந்து ஓரம் வரைக்கும் ஓடி, ஓரத்தில் நின்றிருந்தன. அங்கிருந்து கீழே விழாமல் வேறு எங்கே போகும்? 

நைட்டியோடு செருப்பு இல்லாமல் படியிறங்கினேன். மாமி கதவைத் திறந்து சிரித்தாள். கையில் இன்னொரு தட்டு. கூடத்து மேஜையில் மகளுக்கான பெரிய டப்பா திறந்திருந்தது.

இனி சொல்லப் போவதை இரண்டு வருஷமாக நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. நான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லத்தான் ஓடிவந்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு ஒன்றைச் சொல்லிற்று.

"மாமி, இந்த வடாம் பூராவும் எனக்கு வேணும். ஆபீஸ்ல எல்லாருக்கும் குடுக்கணும். ஒண்ணு விடாமத் தாங்க."

"பூராவுமா? என்னடி பைத்தியம்! பொண்ணுக்குன்னா பண்ணினேன்."

"அவளுக்கு நாளைக்குப் போட்டுக்கிடலாம். நான் கூடமாட இருந்து கிளறித் தாரேன். இன்னைக்கு எனக்குத் தாங்களேன்."

"சரி, பாதி நோக்கு, பாதி அவளுக்கு."

"பாதில்லாம் வேண்டாம் மாமி. பூராவும்."

மாமிக்குப் பெருமை தாங்கவில்லை. தன் கைப்பக்குவத்துக்கு இப்படி ஒரு அடிமையா என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எப்படியாவது வாங்கிக் குப்பையில் கொட்டிவிட்டால் போதும், யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாக, மாமி தட்டிலிருந்து மூன்றாவது வடாமை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். என் கண் முன்னால்.

"ஐயோ மாமி, துப்புங்க! துப்புங்க!"

அவள் முழுங்கிவிட்டாள்.

அதற்கப்புறம்தான் சொன்னேன், காலையில் செடிக்கு மருந்து அடித்ததை. மாமி தட்டை மேஜையில் வைத்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"என்ன மருந்து?"

"தெரியல மாமி."

"தெரியலையா? நோக்கா தெரியலை?"

ஆட்டோவில் போகும்போதே நாக்கு ஒரு மாதிரி மதமதவென்று இருக்கிறது என்றாள். நர்சிங் ஹோம் வாசலில் இறங்கியதும் வாந்தி எடுத்தாள். சின்ன வயசு டாக்டர். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், நாடி பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். என்ன மருந்து, பெயர் என்ன, பாட்டில் எங்கே. கிளம்பும்போது மேலே ஓடி எடுத்து, துணியில் சுற்றிக்கொண்டு போயிருந்த பாட்டிலை நீட்டினேன். இருமல் மருந்தின் லேபிளைச் சுரண்டி எடுத்த பிசுக்கு இன்னும் அதில் இருந்தது. டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் ஒன்றும் எழுதவில்லையே. எதற்கு நான் சிகிச்சை கொடுப்பது?" என்று கேட்டார். எத்தனை கடைக்காரர்களை இதே கேள்வி கேட்டுத் தலைகுனிய வைத்திருக்கிறேன். நான் தலைகுனிந்து நின்றேன்.

நர்சரிக்காரனுக்குப் போன் போட்டேன். "அது மிக்ஸ், மேடம். ஒருத்தன் கேனில் கொண்டுவந்து தருவான். பேர் எனக்குத் தெரியாது. நீங்கள்தானே எடுத்துக்கொண்டு போனீர்கள்?" என்றான். மாமி பெஞ்சில் படுத்திருந்தாள். ஸ்பீக்கர் போடாவிட்டாலும் அவன் குரல் பெரிது. அவளுக்குக் கேட்டது.

மாமிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை வாந்தி, கொஞ்சம் தலைசுற்றல். ஒரு நாள் வைத்திருந்து பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒட்டியிருந்தது கொஞ்சம்தான், பயமும் பாதி வேலை செய்திருக்கும் என்றார் டாக்டர். ஐந்து மணிக்கு வந்த மாப்பிள்ளை நேராக அங்கே வந்தார்.  "ஆன்ட்டி, நீங்களா?" என்று மட்டும் கேட்டார். மகள் போனில் அழுதது வராந்தா வரை கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து நான் இறங்கி வந்திருந்தால் அந்த டப்பா மூடியிருக்கும். நான் சொல்லாமலே வாங்கிக்கொண்டு போயிருந்தால், பாதி டப்பா புனேக்குப் போயிருக்கும். இதை நினைக்காமல் நான் தூங்கப் போன நாள் கிடையாது.

திங்கட்கிழமை ஆய்வாளரிடம் போய், பாட்டிலை எடுத்தது முதல் மருந்து அடித்தது வரை எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். எனக்கு ஒரு மெமோ வந்தது. நர்சரிக்காரன் மேல் வழக்குப் போட்டார்கள். மிச்ச மருந்து லேபுக்குப் போய் சில வாரத்தில் அறிக்கை வந்தது. இரண்டு மருந்தைக் கலந்திருக்கிறார்கள், அதில் ஒன்று வயலில் மட்டும் அடிக்க வேண்டியது, வீட்டுப் பக்கமே கொண்டுவரக் கூடாதது. அந்தக் காகிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக் கதவைத் தட்டினேன். என்னமோ, அதைக் காட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு.

மாமி உள்ளே கூப்பிட்டாள், உட்காரச் சொன்னாள், காகிதத்தை வாங்காமல் பார்த்தாள்.

"இதை வெச்சுண்டு நான் என்ன பண்ணட்டும்?"

"இல்ல மாமி, என்ன மருந்துன்னு கேட்டியளே..."

"மருந்து தெரியாமப் பட்டுடுத்து, விடு. அடிக்கறச்சே ஒரு குரல் குடுத்திருக்கலாம். நாள் பூரா கத்திண்டுதானே இருப்போம், அன்னிக்குன்னு நோக்கு ஞாபகம் வரல, அதையும் விடு." மாமி என்னை நேராகப் பார்த்தாள். "எதிர்ல நின்னுண்டு பொய் சொன்னியே. நான் வாயில போட்டுக்கறேன், நீ பாத்துண்டு சிரிச்சுண்டிருக்கே. அதைத்தான்டி என்னால முழுங்க முடியல."

 மன்னிச்சிருங்க மாமி என்றேன். சரி என்றாள். சண்டை போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நாலு வார்த்தை திட்டி, கதவை அறைந்து சாத்தி, ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் ஒரு முடிவு வந்திருக்கும். மாமி என்னை மரியாதையாக நடத்த ஆரம்பித்தாள். படியில் பார்த்தால், "சௌக்கியமா?" என்று கேட்டாள். 'டி' போட்டுப் பேசுவது நின்றது. ஒரு நாள் கயிற்றை அவிழ்த்து, நேர்த்தியாகச் சுருட்டி, கழுவிய கூடைக்குள் வைத்து, பையில் போட்டு என் வீட்டுக் கதவுப்பிடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள்.

செம்பருத்தியில் பூச்சி செத்தது. மழை பிடித்ததும் செடி பூத்துத் தள்ளியது, ஒரு நாளைக்கு ஒன்பது, பத்து. பறிக்கக் கை வரவில்லை, செடியிலேயே வாடி விழுந்தன.

பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னால் மகளின் பிரசவத்துக்கென்று மாமி புனே போனாள். பெண் குழந்தை என்று வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் வந்த செய்தி எனக்கும் வந்தது. அப்புறம் வீட்டை வாடகைக்கு விட்டார்கள். சாமான் ஏற்ற லாரி வந்த அன்று நான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு மேலே உட்கார்ந்திருந்தேன். இறங்கிப் போய் ஒரு கை பிடிக்கத் தைரியம் வரவில்லை.

இப்போது எங்கள் கட்டடத்தில் யார் செடிக்கு எது அடித்தாலும் முதல் நாளே கீழ்வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும். சண்டை போட்டு சொசைட்டியில் தீர்மானம் போட வைத்திருக்கிறேன். பாட்டிலையும் லேபிளையும் என்னிடம் காட்டாமல் அடிக்க முடியாது. தொல்லை பிடித்த பொம்பளை என்று சொல்கிறார்கள், நன்றாகச் சொல்லட்டும். கடைகளுக்குப் போனால் முன்போல் கத்துவதில்லை. என் கதையைச் சொல்கிறேன், வடாமையும் டாக்டரையும் மட்டும். அதற்கே பாட்டிலை உள்ளே எடுத்து வைத்துவிடுகிறார்கள். பொய் சொன்ன பகுதியை அவர்களுக்குச் சொன்னதில்லை.

ஆனால் சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் இதையெல்லாம் யாரிடம் சொல்வது? வீட்டுக்காரர் நல்லவர், உம் கொட்டுவார். எனக்கு உம் வேண்டியதில்லை. கீழேயிருந்து குறுக்கே பேசி, கேலி செய்து, பாதியில் குக்கரை அணைக்க ஓடி, திரும்பி வந்து, "எங்க விட்டே?" என்று கேட்கிற ஒருத்தி வேண்டும். தீபாவளிக்குப் போன் செய்தால் மாமி எடுப்பாள். இரண்டு நிமிஷம். குழந்தை சௌக்கியம், முழங்கால் பரவாயில்லை, வைக்கட்டுமா? போனை வைத்தபிறகு அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

போன மாசம் ஆபீஸ் பயிற்சிக்காகப் புனே போக வேண்டி வந்தது. முடிந்த அன்று, நடப்பது நடக்கட்டும் என்று போன் செய்தேன். "வரதுன்னா வா" என்றாள் மாமி. கையில் என்ன கொண்டு போவது? குழந்தை இருக்கிற வீட்டுக்குப் பழமோ பிஸ்கட்டோ வாங்காமல் யாராவது போவார்களா? நான் வாங்கவில்லை. என் கையால் தின்கிற பண்டம் எதையும் அந்த வீட்டுக்குள் கொண்டு போகப் பயம். ஒரு துணிப் பொம்மை வாங்கிக்கொண்டேன்.

மகள்தான் கதவைத் திறந்தாள். உட்காருங்கள் என்றாள், தண்ணீர் கொடுத்தாள், முகத்தில் சிரிப்பில்லை. மாமி உள்ளேயிருந்து வந்தாள். இளைத்திருந்தாள். முழங்காலுக்கு ஆபரேஷன் செய்யப் போகிறார்களாம், இனிமேல் இங்கேயேதானாம், பம்பாய்ப் பக்கம் வருகிற எண்ணம் இல்லையாம். இதையெல்லாம் வானிலைச் செய்தி மாதிரிச் சொன்னாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அழுது தொலைக்கக் கூடாதென்று தரையைப் பார்த்தேன். குழந்தை பொம்மையின் காதைக் கடித்துக்கொண்டு என் முழங்காலில் சாய்ந்து நின்றது. ஒன்றரை வயது தாண்டிவிட்டது.

மகள் ஒரு கிண்ணத்தில் பருப்புசாதம் பிசைந்து கொண்டுவந்தாள். மாமி கை நீட்டி வாங்கிக்கொண்டாள். ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். அப்புறம் அதை என் பக்கம் நீட்டினாள்.

"நீ குடு. உன்கிட்ட நிக்கறதே."

மகள் சட்டென்று முன்னால் வந்தாள். "அம்மா, நான் ஊட்டிக்கறேன், குடு."

மாமி கிண்ணத்தை விடவில்லை. மகளைப் பார்க்கவும் இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ குடுப்பா. போடி, கையை அலம்பிண்டு வா."

போய் அலம்பினேன். சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்து, மறுபடி சோப்புப் போட்டு, மறுபடி அலம்பினேன். திரும்பி வந்தபோது மகள் அதே இடத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். தரையில் உட்கார்ந்தேன். முதல் கவளத்தை எடுத்து, குழந்தையிடம் கொண்டு போகாமல், என் வாயில் போட்டுக்கொண்டேன். மூன்று பேரும் பார்த்தார்கள்.  உப்பு சரியாக இருந்தது. இரண்டாவது கவளத்துக்குக் குழந்தை வாயைத் திறந்தது.